சபையில் சொன்ன பேர்

அஞ்சுகிராமத்தில் இருக்கும் என் வீட்டுக்காரிக்கு,

நான் சுகம். உன் முட்டுவலி தேவலையா? இது நானே என் கையால் எழுதியது. வாசித்துக் காட்டுகிறவரிடம் மெதுவாக வாசிக்கச் சொல். நானும் மெதுவாகத்தான் எழுதுகிறேன்.

இங்கே பல்கலைக்கழகத்தில் எழுத்து விழா நடந்தது. கதை, பாட்டு எழுதுகிறவர்கள் வந்து, எப்படி எழுதுவது என்று பேசினார்கள். புதிதாக எழுதுகிறவர் யாரும் ஒரு பக்கம் வாசிக்கலாம் என்றார்கள். எனக்கு எழுத்துச் சொல்லித்தந்த விடுதிப் பிள்ளைகள், சமையற்கட்டில் நின்ற என்னையும் மேடையில் ஏற்றிவிட்டார்கள்.

நீ உள்ளித் தீயல் வைப்பதைத்தான் எழுதியிருந்தேன். தேங்காய் வறுபடும் மணத்தை முற்றத்தில் நின்றே பிடித்துப் பதம் சொல்வாயே, அதை. வாசித்து முடித்ததும் ஒரு மாணவி எழுந்து, "தாத்தா, பாட்டி பேரைச் சொல்லவே இல்லையே?" என்றாள்.

"பேரு எதுக்கு மக்கா? 'ஏட்டி'ன்னு கூப்பிட்டா திரும்பிப் பாப்பா" என்றேன். ஒரே சிரிப்பு.

"திரும்பிப் பாக்க அவங்க இங்க இல்லையே, தாத்தா."

கல்யாணம் ஆன நாள்முதல் நான் உன் பேரை வாய்விட்டுச் சொன்னதில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "வடிவாம்பாள்" என்றேன். எல்லாரும் கைதட்டினார்கள். அது இவ்வளவு அழகான பேர் என்று எனக்கு இதுவரை தெரியாது.

சபையில் சொன்னதற்குக் கோபப்படாதே. இந்தப் பக்கம் யாராவது வந்தால் நம் வீட்டுப் புளி கொஞ்சம் கொடுத்தனுப்பு. இங்கத்துப் புளியில் தீயலுக்கு நிறம் வரவில்லை.

உலை கொதிக்கிறது. பொங்கலுக்கு வரும்போது வாசலில் நின்று பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன். வேறு யாரோ என்று நினைத்து உள்ளேயே இருந்துவிடாதே.

அய்யம்பெருமாள்