தப்பு உங்கள்மேல்தான், அப்பா

பாசமுள்ள என் அப்பா,

வழக்கில் ஜெயித்துவிட்டோம். விபத்துக்கு நீங்கள்தான் காரணம் என்று ஊட்டி நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம் வக்கீல் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

தேயிலை மூட்டைகளோடு உங்கள் லாரி பர்லியார் வளைவில் உருண்டபோது, கிளீனராகப் பக்கத்தில் இருந்த தம்பி பிரபு பிழைத்துக்கொண்டான். அதுவாவது உங்களுக்குத் தெரியுமா? இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டது. ஆபரேசன் செய்தால் எழுந்து நிற்பான் என்றார்கள். "தப்பு டிரைவர் மேலன்னு நிரூபிச்சாத்தான் இன்சூரன்ஸ் பணம் ஆபரேசனுக்குப் பத்தும். இல்லைன்னா பேருக்குத்தான் குடுப்பாங்க" என்றார் வக்கீல்.

அம்மா கொதித்தாள். "செத்த மனுசனக் கூண்டுல ஏத்தறயா? படிக்க வெச்சது இதுக்குத்தானா கண்ணு?"

"எனக்கு நடக்கவே வேண்டாம், போக்கா" என்றான் பிரபு.

"அப்ப ஆயுசுக்கும் அம்மாவே உனக்கு மூத்திரம் அள்ளட்டும்" என்றேன். வேறெப்படிச் சொல்லியிருக்க வேண்டும்?

நீதிமன்றத்தில் உங்களைப் புகழ்ந்தது யார் தெரியுமா? இன்சூரன்ஸ் வக்கீல். உங்களைப் போல நிதானமான டிரைவர் இந்த மலையிலேயே இல்லையாம். மூடுபனியும் காட்டெருமையும்தான் குற்றவாளிகளாம். ஆயுதபூஜைக்கு ஓனர் உங்களுக்குப் பரிசு கொடுத்த எவர்சில்வர் குடத்தைக்கூடச் சொன்னார். அம்மா பெருமையாகத் தலையாட்டினாள்.

நம் வக்கீல் எழுந்து பிரபுவிடம் கேட்டார்: "அந்தக் குடம் எதுக்குக் குடுத்தாங்க?"

சக்கர நாற்காலியிலிருந்து அவன் என்னைப் பார்த்தான்.

"டீசல் மிச்சம் புடிச்சதுக்குங்க. எறக்கத்துல அப்பா நியூட்ரல்லதான் வுடுவாருங்க. அன்னிக்கும் அப்படித்தானுங்க. பிரேக்கு சூடாயி புடிக்கலைங்க."

"பெத்த பையனே போட்டுக் குடுத்துட்டானப்பா" என்று பின்னால் யாரோ சிரித்தார்கள். உங்கள் உடலுக்கு மாலை போட்டு, 'கூடப்பிறந்தவன் போயிட்டானே' என்று அழுத ஓனர், வராந்தாவில் என்னை மடக்கினார். "நியூட்ரல்ல போகச் சொல்லி நானா சொன்னேன்?"

அவர் சொல்லவில்லைதான். பக்கத்தில் பெற்ற பிள்ளை உட்கார்ந்திருந்தும் கியரில் போட உங்களுக்குக் கை வரவில்லையா? யாருடைய டீசல் அப்பா அது?

அம்மா என்னோடு பேசுவதில்லை. பிரபு தண்ணீர் வேண்டுமென்றால்கூட அவளைத்தான் கூப்பிடுகிறான். பணம் இன்னும் கைக்கு வரவில்லை. இன்சூரன்ஸ்காரர்கள் மேல்முறையீட்டுக்குப் போகிறார்களாம். அங்கேயும் உங்களை நல்ல டிரைவர் என்று நிரூபிக்கப் பார்ப்பார்கள்.

விடமாட்டேன் அப்பா. சத்தியம்.

பிரபுவின் அக்கா,
உங்கள் மகள்
நித்யா