ஓவனில் இடமில்லாத சனிக்கிழமை

7 ஜூலை 1968, ஞாயிறு

சுரங்க ஆய்வுக்கூடத்து எக்ஸ்ரே கருவி கல் தூளைப் படம் பிடிக்க வாங்கியது. மூன்று ஞாயிறுகளுக்கு மட்டும் என் உருளைக்கிழங்கு மாவுக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். மாவுக்குள் படிகம் உண்டு. அதன் ஒழுங்கு ஃபிலிமில் கோடுகளாக விழ வேண்டும். விழுந்தது மங்கலாக ஒரு வளையம். போன வாரம் போலவே.

அம்மா: "மாவுக்கு போட்டோ புடிக்கிறியேடி, கண்ணாலத்துக்கு ஒரு போட்டோ புடிக்கலாம்னா மட்டும் வர மாட்டேன்ற!"

சிரித்துவிட்டேன்.

10 ஜூலை

மேலதிகாரி சுந்தரராஜ் சார்: "இந்த ஞாயித்துக்கிழமையும் கோடு வர்லைன்னா வுட்டுடணும்மா. எக்ஸ்ரே டியூப் வீணாவுது."

நியாயம்தான். ஆனால் விட முடியுமா, என்னால்?

13 ஜூலை, சனி

ஓவனில் காயாத தூள் கருவிக்குள் போகக் கூடாது. எங்கள் கூடத்தின் வேதம் அது. இருமுறையும் மாவை அப்படித்தான் காய வைத்தேன். இன்று ஓவன் முழுக்கக் கல் தூள். அரைத்து வைப்பவர் கிளாரன்ஸ் அண்ணன். ஒரு மூலை கேட்டேன்.

"இன்னாம்மா, இட்லி வேக வைக்கப் போறியா? சுரங்க ஷாஃப்ட்டுலேர்ந்து வந்த அவசர சாம்பிள். எடுத்தா சார் என்னை கேஜ்ல ஏத்தி சுரங்கத்துக்குக் கீழ அனுப்பிடுவாரு!"

அழுகையே வந்துட்டுது. நாளைக்கு இன்னா பண்ணுவேன்? ஈர மாவையா வைப்பேன்?

14 ஜூலை

ஈர மாவைத்தான் வைத்தேன். வேறு வழி?

மாலை: கோடுகள்! கழுவிய ஃபிலிமில், சீப்புப் பல் போல! அந்தப் படிகத்தைக் கட்டிவைத்திருப்பதே தண்ணீர்தானா? ஓவனில் நானே அதைக் குலைத்துக்கொண்டிருந்தேனா? முட்டாள் — சந்தோஷமான முட்டாள். இருட்டறையில் ஒரு சுற்று ஆடினேன்.

16 ஜூலை

சார் நம்பவில்லை. கல் வேலையை நிறுத்திவிட்டு, அதே மாவைக் காய்ந்ததாகவும் ஈரமாகவும் எடுக்கச் சொன்னார். காய்ந்ததில் மங்கல். ஈரத்தில் கோடுகள். "சரிதான், இன்னொரு ஞாயிறு எடுத்துக்கோ" என்றார். அவ்வளவுதான்.

28 ஜூலை, ஞாயிறு

இன்று ராகி மாவு, காய வைக்காமல். கோடுகள் விழுந்தன, ஆனால் வேறு இடங்களில்! கிழங்கின் படிகத்துக்கு ஓர் அடுக்கு, தானியத்துக்கு வேறு அடுக்கு. புத்தகத்தில் படித்ததுதான், கையில் பிடித்துப் பார்ப்பது வேறு சுகம்.

விடுமுறையிலும் சார் வேட்டியோடு வந்திருந்தார். இரண்டு ஃபிலிம்களையும் ஜன்னலில் சேர்த்துப் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"அடுத்த ஞாயிறு இன்னா மாவு?"

"மரவள்ளி, சார்."

"நல்ல கெழங்கா பூதிகோட்டை சந்தைலேர்ந்து நானே எடுத்தாறேன்."