மாட்டாமல் மிஞ்சிய ரப்பர்

அக்ரஹாரம், மைசூர்
24.10.1996

அன்பு மகன் முனிராஜுக்கு அம்மா பஞ்சவர்ணம் எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். மஸ்கட்டில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கவேண்டும் என்று சாமுண்டியம்மனை வேண்டிக்கொள்கிறேன். உன் தங்கச்சி காவேரிக்கு இது ஆறாம் மாசம், வாந்தி நின்றுவிட்டது, நீ அனுப்பிய சேலை அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

கண்ணு, இதை அப்பாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். குடகுக் காபித் தோட்டக்காரர் மந்தண்ணா தன் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை நம் பட்டறையில் விட்டிருக்கிறார், இரண்டே பேர் உட்காரும் இங்கிலீஷ் வண்டி. எந்த வருஷத்தது என்று அவருக்கே தெரியாது, முன்னால் வைத்திருந்தவர்கள் உள்ளே என்னென்னவோ மாற்றி மாட்டியிருக்கிறார்கள், வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கும் பார்ட் நம்பருக்கும் உள்ளே இருப்பதற்கும் சம்பந்தமே இல்லை. பிரேக் சிலிண்டருக்குள் எண்ணெய் கசியாமல் தடுக்கும் சின்ன ரப்பர் தேய்ந்துபோயிருந்தது. வண்டியோடு வந்த டப்பாவில் புதிதாக ஒன்றே ஒன்று இருந்தது. அது சரிப்படாவிட்டால் என்ன செய்வது என்று அப்பா பெங்களூரில் கடை கடையாக ஏறி இறங்கி, நம் ஊர் வண்டி எதற்கோ போடுவது, பார்க்க அதே மாதிரி இன்னொன்று வாங்கிவந்தார். அதற்குள் ஆயுத பூஜை வந்துவிட்டது. உன் அப்பாவைத்தான் தெரியுமே, சாமி முன்னால் எதையும் மூடி வைக்கக்கூடாது என்று ஸ்பேனர்களோடு அந்த இரண்டு ரப்பரையும் டப்பாவை விட்டு எடுத்து இலையில் வைத்துச் சந்தனமும் குங்குமமும் பூசிவிட்டார். மறுநாள் கழுவித் துடைத்தால் எது எந்த ரப்பர் என்று தெரியவில்லை. தடவிப் பார்த்தார், ஸ்கேல் வைத்துப் பார்த்தார், கடைசியில் ஒன்றை எடுத்து மாட்டிவிட்டார். பூசையில வெச்ச சாமான் கெடுதல் பண்ணாது, நீ சும்மா இரு என்கிறார்.

மந்தண்ணா பேகா பேகா என்று அவசரப்படுத்துகிறார், தீபாவளி கழித்து வண்டியை எடுக்க வருகிறாராம். அதற்கு முன்னால் அப்பா தானே ஓட்டிச் சாமுண்டி மலையில் ஏற்றி இறக்கிப் பார்க்கப்போகிறார். அந்த வளைவெல்லாம் உனக்கே தெரியும். பட்டறைக்குள் மிதித்தால் பிரேக் பிடிக்கத்தான் செய்கிறது, ஆனால் இரண்டொரு தடவை கால் அடிவரைக்கும் போய்விட்டது, நானே பார்த்தேன். மலைக்கு ஓட்டிப்போக வேண்டாம் என்று அழுது பார்த்தேன், கேட்கவில்லை. மந்தண்ணாவிடம் உள்ளதைச் சொல்லிவிடுங்கள் என்றதற்கு, இத்தனை வருசப் பேரைக் கெடுத்துக்கச் சொல்றியா என்று சீறினார். சரி, அவ்வளவு நம்பிக்கை இருந்தால் பக்கத்து சீட்டில் நானும் வருகிறேன் என்றேன். நீ வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார், என் முகத்தைப் பார்க்கவில்லை. அதுவரை எனக்கு இருந்தது சந்தேகம்தான் சாமி, அதற்கப்புறம்தான் பயம் வந்தது.

மிஞ்சிய ரப்பரைத் துணியில் சுற்றி இதோடு வைத்திருக்கிறேன். நீ அங்கே வேலை பார்க்கும் பட்டறைக்குப் பழைய இங்கிலீஷ் வண்டிகள் வரும் என்று எழுதியிருந்தாயே, விஷயம் தெரிந்தவர் யாரிடமாவது காட்டு. வெயிலில் அலையாதே, தண்ணீர் நிறையக் குடி. அம்மன் உனக்கு நிறைந்த ஆயுசையும் நல்ல புத்தியையும் கொடுக்கட்டும். இது பெங்களூர் ரப்பர் என்றால் நிதானமாகப் பதில் போடு. வண்டியோடு வந்தது இதுதான் என்றால் உள்ளே மாட்டியிருப்பது வேறு வண்டிக்கானது, கடிதம் எழுதிக்கொண்டு உட்காராதே, எந்த நேரமானாலும் பக்கத்து வீட்டு மாதம்மாவுக்குப் போன் செய்து அப்பாவைக் கூப்பிடச் சொல். நீ சொன்னால் கேட்பார்.

உன் போனுக்குக் காத்திருக்கும்
அம்மா பஞ்சவர்ணம்