மூன்றாம் மாடிக்கு வெந்நீர்

ஜூன் 9, திங்கள்
நாளை முதல் இரண்டு நாள் பயிற்சியாம். லாட்ஜ் வரவேற்பு மேசையில் இருபத்திரண்டு வருடம் சாவி நீட்டியே தேய்ந்துபோன எனக்கு! சீசனில் தங்கியவர்கள் நெட்டில் எங்களைத் திட்டித் தீர்த்ததுதான் காரணம். பாதித் திட்டு வெந்நீருக்கு. மூன்றாம் மாடிக் குழாயில் அது வராது. ரூம் கூட்டும் பாப்பாத்தி அக்காதான் வாளியில் சுமக்கிறாள். பாய்லரை விட்டுவிட்டு எங்களை ஏன் பழுதுபார்க்கிறார்கள்? ஆள் குறைக்கத்தான். வாடை அடிக்கிறது.

ஜூன் 10
சென்னையிலிருந்து புவனா மேடம். சிரித்தால் எத்தனை பல் தெரிய வேண்டும் என்று கற்றுத்தந்தார். என்னிடம் அத்தனை இல்லை.
அக்கா எழுந்தாள். "ஏனுங்கம்மிணி, நாங்க சிரிச்சா தண்ணி சுடுமுங்களா?"
மேடம் மட்டும் சிரிக்கவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டார். போச்சு! டீ நேரத்தில் பாய்லர் ரூமையும் எட்டிப் பார்த்தாராம். தெருமுனையில் டீ விற்கும் ஒண்டிக்கடை வரை சொல்லிவிட்டு வந்தேன் — இது வேவு.

ஜூன் 11
கடைசியில் ஆளுக்கொரு தாள். 'உங்கள் வேலைக்கு எது இடைஞ்சல்? பெயர் வேண்டாம்.' வேண்டாமாம்! எங்கள் பதினொரு பேர் கையெழுத்தும் மேனேஜர் சுப்பிரமணிக்கு அத்துப்படி.
எழுதத் தெரியாத அக்கா தாளை என்னிடம் நீட்டினாள். "வாளி தூக்கி மொழங்கால் நொம்ப வலிக்குதுன்னு எழுதுங்க தம்பி."
தலையாட்டிக்கொண்டே எழுதினேன்: எல்லாம் அருமை. மற்றவர்கள் காதிலும் அதையே ஓதினேன். பதினொரு தாளிலும் எல்லாம் அருமை. என் மூளையே மூளை!

ஜூன் 19
இதுவரை யாரையும் வேலையிலிருந்து நிறுத்தவில்லை. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருக்கிறது.

ஜூன் 27
மேனேஜர் கூப்பிட்டார். "ஏனுங்க ஜெப்சன், பாய்லரை மொதல்ல மாத்துங்கன்னு அந்தம்மா எழுதிக் குடுத்துச்சு. மொதலாளி உங்க தாளையெல்லாம் எடுத்துப் போட்டு, 'வேலை செய்யறவங்களே ஒண்ணும் சொல்லலையே'ங்கறாரு. பாய்லர் கெடையாதுங்க. அடுத்த மாசம் இன்னொரு பயிற்சி."
அப்படியானால் அன்றைக்கு நோட்டில் எழுதியது — அக்கா கேட்டதையா?
அடப் பாவி. வேற யாரையும் இல்ல, என்னத்தான்.
அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நின்றேன்.
"நான் சொன்னதத்தான் எழுதுனீங்கன்னு நெனச்சிட்டு இருந்தனுங்க," என்றாள். வாளியை எடுத்துக்கொண்டு படியேறிவிட்டாள். என்னைத் தம்பி என்று சொல்லவில்லை.

ஜூலை 1
வரவேற்பு மேசையில் மணியை மட்டும் வைத்துவிட்டு, விடிந்ததிலிருந்து மூன்றாம் மாடிக்கு நானே ஆறு வாளி சுமந்தேன். ஒவ்வொரு திருப்பத்திலும் மூச்சு வாங்க நின்றேன். அக்கா இத்தனை வருடம் எங்கே நின்றாளோ?
304-இல் கதவைத் திறந்தவர் விரலை விட்டுப் பார்த்தார். "என்ன சார், ஆறிப்போச்சே?"
கற்றுக்கொடுத்தபடியே சிரித்தேன். இருக்கிற பல்லெல்லாம் தெரிய.