கூடை கவிழ்த்த சாட்சி

இஞ்சாரும்,

ஓம், பகிடிக்கும் ஒரு அளவிருக்குத்தான். தாண்டின பிறகுதானே எனக்கு அது தெரியவாறது.

அந்த ஜப்பான் கார்ட்டூன் வீடியோக் கொப்பியை வாடகைக்கு எடுத்ததே உமக்காகத்தான். அந்தக் காலத்துப் பிரபு ஒருத்தரை ஆர் கொலை செய்தவன் எண்டு தேடுற கதை. உமக்கு இங்கிலீசு விளங்காதெண்டு நான் எல்லாருக்கும் தமிழிலை குரல் குடுத்தன். விசாரிக்கிற கொத்தவாலுக்கு உம்மடை அண்ணற்றை குரலைக் குடுக்க, நீரும் வயிறு நோகச் சிரிச்சீர்.

பிறகு கூடையாலை முகத்தை மூடின சாட்சி வந்து, வரிசையிலை நிண்ட ஒருத்தனைப் பாத்துத் தலையாட்டினான். நான் உடனை துவாயைத் தலையிலை போட்டு உம்மைப் பாத்து ஆட்டினன். வந்திருந்த பரமேஸ்வரனும் பெண்சாதியும் சிரிச்சவை. நீர் எழும்பிக் கோட்டை மாட்டிக்கொண்டு வெளிக்கிட்டுப் போனீர்.

ஊரிலை ஆமிச் சுத்திவளைப்பிலை, சாக்காலை மூடின ஒருத்தன் தலையாட்டித்தான் உம்மடை தம்பி குகதாசனைக் கொண்டுபோனவங்கள். நீர் பாத்துக்கொண்டு நிண்டனீர். நான் அப்ப இஞ்சை வெளிநாட்டிலை கோப்பை கழுவிக்கொண்டிருந்தன்.

நேற்று ஸ்ட்ரெதத்திலை உம்மடை தங்கச்சி வீட்டு வாசலுக்கு வந்து, "இஞ்சாரும், குகதாசனை நான் மறக்கேல்லை" எண்டு துவங்கினன். முடிக்க முதல் நீர் பையைத் தூக்கிக்கொண்டு கடைப்பக்கம் நடந்திட்டீர்.

நடந்தது நல்லது. நிண்டிருந்தால் பொய்யை முழுக்கச் சொல்லியிருப்பன். துவாயைப் போடேக்கை எனக்கு அவன்ரை நினைப்பே வரேல்லை.

உம்மடை மனிசன்