அட்டவணையில் இல்லாத ஊர்

ஜனவரி 18

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீ ஊர் மாறிப் போய் மூன்று மாதம் ஆகிறது. வந்தது ஒரே ஒரு கடிதம். அதிலும் பாதி உன் மனைவியின் கையெழுத்து. அவளுக்கு வாந்தி நின்றதா? மாடிப்படி ஏற விடாதே. போனில் கிளப் பேச்சு வேண்டாம், அது ஆபீஸ் போன் என்று சொல்லிவிட்டாய். அதனால்தான் பேனா எடுத்திருக்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறியது போல இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ வேலை பார்க்கும் புதிய தொழில்முறைக் கால்பந்து லீகின் விண்ணப்பம் வந்துவிட்டது. நாற்பத்திரண்டு பக்கம். செயலாளர் என்று பெயர் வைத்துக்கொண்ட பாவத்துக்கு நான்தான் நிரப்ப வேண்டும். எண் போட்ட நாற்காலி எட்டாயிரம். விளக்குக் கம்பம் நான்கு. நடுவர்களுக்குத் தனிக் குளியலறை, அதில் வெந்நீர். நம் ஆட்டக்காரர்கள் இருபத்திரண்டு பேரும் இரண்டு குழாயில் குளிக்கிறவர்கள். கோல்கீப்பர் நெட்டை கேட்கிறான்: "அக்கா, நடுவர் ஓடினதை யாருமே பாத்ததில்ல. வேர்க்காத ஆளுக்கு எதுக்கு வெந்நீர்?"

தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. பேக்கரியை மகனிடம் விட்டுவிட்டு நாள் முழுக்கக் கிளப்பில்தான் உட்கார்ந்திருக்கிறார். "இருபத்தொன்பது கிளப் கேக்குது. பன்னிரண்டுதான் எடுப்பாங்க. எடுத்ததும் பத்து வருஷத்துக்குக் கதவைச் சாத்திடுவாங்க. ஜெயிச்சு உள்ளே போற வழியே கிடையாது. இப்ப விட்டா நம்ம ஆளுங்க வெளியே நின்னு வேடிக்கை பாக்க வேண்டியதுதான்" என்கிறார்.

முப்பத்தோராம் பக்கத்தில் எனக்கு ஒரு சிக்கல். தலைமைப் பயிற்சியாளரிடம் முதல்நிலைச் சான்றிதழ் இருக்க வேண்டுமாம். உன் அத்தானிடம் இருப்பது பதினெட்டு வருட அனுபவமும் ஒரு விசிலும்தான். இதற்கு ஏதாவது விலக்கு உண்டா? கேட்டுச் சொல்.

அன்புடன்,
அக்கா

பிப்ரவரி 2

அன்புள்ள அக்கா,

வாந்தி நின்றுவிட்டது. இப்போது எதைக் கண்டாலும் பசி என்கிறாள். நாங்கள் இருப்பது அலுவலகக் குடியிருப்பு. உள்ளே வரவும் வெளியே போகவும் வாசலில் கையெழுத்துப் போட வேண்டும். அலுவலகத்தில் என் அறை ஏழாவது மாடியில். ஜன்னல் பெரியது, ஆனால் திறக்காது.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். என் அக்கா ஒரு கிளப்பின் செயலாளர் என்று வேலையில் சேர்ந்த அன்றே இயக்குநரிடம் சொல்லிவிட்டேன். "முன்னாடியே சொன்னீங்களே, நல்லதாப் போச்சு. அந்த ஃபைல் உங்க மேஜைக்கு வராது. ஆபீஸ் விஷயம் வீட்டுக்குப் போகக் கூடாது, அவ்வளவுதான்" என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அதனால் விலக்கு பற்றி நான் கேட்க முடியாது. என் வேலை போட்டி அட்டவணை போடுவது மட்டும்தான்: எந்த அணி, எந்தத் தேதி, எந்த ஊர்.

படிவத்திலேயே இருப்பதைச் சொல்கிறேன், அதில் தப்பில்லை. தேர்வு மதிப்பெண் வைத்துத்தான். மைதானத்துக்கு நாற்பது, பயிற்சியாளர் சான்றிதழுக்குப் பத்து. இங்கே எல்லாம் நேர்மையாகத்தான் நடக்கிறது அக்கா. தைரியமாக நிரப்பு. கடைசித் தேதி ஏப்ரல் 30. அத்தானிடம் நான் கேட்டதாகச் சொல்.

உன்
சின்னவன்

பிப்ரவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் தெம்பு கொடுத்தது. கமிட்டியில் உன் பெயரை எடுக்காமல், மதிப்பெண்தான் முக்கியம் என்று அடித்துச் சொன்னேன். உடனே வேலை ஆரம்பமாகிவிட்டது. மைதானத்தின் மேற்குப் பக்கம், எல்லோரும் நின்றுகொண்டே ஆட்டம் பார்க்கும் படிக்கட்டை இடிக்கிறார்கள். அங்கேதான் நாற்காலி வரப்போகிறது. திங்கட்கிழமை இயந்திரம் வந்தது. வெல்டிங் கடை ஆட்கள், பஸ் டிரைவர்கள், தையல்கார அக்கா என்று அங்கே வழக்கமாக நிற்கிறவர்கள் எல்லோரும் வேலியோரம் வந்து பார்த்தார்கள். யாரும் சண்டைக்கு வரவில்லை. "லீகுக்காகத்தானே, இடிங்க" என்றாள் தையல்கார அக்கா. அப்படிச் சொன்னவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

இனி முப்பத்தோராம் பக்கம். சான்றிதழ் உள்ள ஒருவர் கிடைத்திருக்கிறார். அவரை எடுத்தால் உன் அத்தானை விலக்க வேண்டும். மார்ச் 15 கமிட்டியில் முடிவு. விலக்கல் கடிதத்தைத் தட்டச்சு செய்ய வேண்டியவள் செயலாளர். அதாவது நான். வீட்டில் அவர் எதுவும் கேட்பதில்லை. நானும் சொல்வதில்லை. சாப்பாடு போடும்போது இரண்டு பேரும் தட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

ரகசியம் கேட்கவில்லை. ஒரே ஒரு வார்த்தை எழுது போதும். செய்யட்டுமா, வேண்டாமா?

அக்கா

மார்ச் 3

அன்புள்ள அக்கா,

வேண்டாம். அத்தானை விலக்க வேண்டாம். மேற்குப் பக்கத்தில் இடித்தது போக மீதி இருந்தால் அதையும் நிறுத்தி வை.

காரணம் கேட்காதே. போன கடிதத்தில் நான் எழுதியதை மறந்துவிடு. இதற்கு மேல் ஒரு வரி எழுதினாலும் நான் இங்கே இருக்க முடியாது. அவளுக்கு இது ஆறாவது மாதம்.

சின்னவன்

மார்ச் 24

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை நாலைந்து முறை படித்தேன். அத்தான் மேல் உனக்கு இருக்கும் பாசம் எனக்குத் தெரியாததா? உன்னைச் சைக்கிள் பாரில் உட்காரவைத்துப் பயிற்சிக்குக் கூட்டிப்போனவர். அவருக்காக உன் மனசு அடித்துக்கொள்கிறது என்றுதான் எடுத்துக்கொண்டேன். ஆனால் நாற்பது வருடக் கிளப்பை ஒரு மனுஷனுக்காக, அதுவும் என் புருஷனுக்காக, நான் நிறுத்தினேன் என்று நாளைக்கு ஒருவர் சொல்லக் கூடாது. கமிட்டியில் நானே கை தூக்கினேன்.

விலக்கல் கடிதத்தைக் கிளப்பிலேயே தட்டச்சு செய்தேன். வேறு யார் கையிலும் கொடுத்தனுப்ப மனம் வரவில்லை. அவர் கோல் வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். வாங்கி நின்றபடியே படித்தார்.

"'நன்றி'க்கு மூணு சுழி ண போட்டிருக்கே" என்றார்.

"திருத்திக் கொண்டு வரேன்" என்றேன்.

"இருக்கட்டும். பேனா குடு." அவரே திருத்திவிட்டு அடியில் கையெழுத்துப் போட்டார். "புது ஆள்கிட்ட சொல்லு. நெட்டைக்கு வலது தோள்ல பழைய அடி இருக்கு. மழை நாள்ல அவனை ரொம்பக் குதிக்க விட வேண்டாம்."

அவருக்கு இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஒரு பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியர் வேலை கிடைத்திருக்கிறது. திங்கள் போனால் சனிக்கிழமை வருவார். வீடு பெரிதாகிவிட்டது போல இருக்கிறது.

மேற்குப் பக்கம் முழுக்க நாற்காலி போட்டாயிற்று. நடுவர் குளியலறையில் வெந்நீர் வருகிறது. நாற்பத்திரண்டு பக்கமும் நிரப்பிவிட்டேன்.

அக்கா

மே 30

அக்கா,

பட்டியலைப் பார்த்திருப்பாய். நம் ஊர் இல்லை. போனில் நீ எதுவும் பேசாமல் வைத்தாய். நீ திட்டியிருக்கலாம்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பிப்ரவரி 11 அன்று இயக்குநர் என்னைக் கூப்பிட்டுப் பன்னிரண்டு ஊர்ப் பெயர் எழுதிய தாளைக் கொடுத்தார். முதல் வருடத்துக்கான அட்டவணையைப் போடச் சொன்னார். தொலைக்காட்சிக்காரர்களுக்குக் காட்ட வேண்டுமாம். எனக்கு விளங்கவில்லை.

"சார், விண்ணப்பமே இன்னும் வந்து சேரலையே. இது சும்மா மாதிரிக்குத்தானே?"

"மாதிரிதான். ஆனா ஊரை மாத்திடாதீங்க."

"அப்ப மத்த கிளப்புங்க?"

"அவங்க அனுப்பட்டும். ஒருத்தரையும் விண்ணப்பிக்க விடலைன்னு நாளைக்குப் பேச்சு வரக் கூடாதில்ல? பக்கத்து ஊர் ஸ்டேடியம் பெருசு. ஒரு வட்டாரத்துக்கு ரெண்டு கிளப் எதுக்கு?" சிரித்துக்கொண்டே என் தோளில் தட்டினார்.

அன்றைக்கு அந்தத் தாளில் இருந்த பன்னிரண்டு ஊரும் நேற்று அறிவித்த பன்னிரண்டு ஊரும் ஒன்றுதான். நீங்கள் படிக்கட்டை இடித்தபோது எனக்குத் தெரியும். அத்தான் கையெழுத்துப் போட்டபோதும் தெரியும். 'வேண்டாம்' என்ற ஒரு சொல்லில் நீ எல்லாவற்றையும் புரிந்துகொள்வாய் என்று நினைத்தேன். இல்லை, நீ புரிந்துகொள்ளாவிட்டாலும் சொல்லிவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளத்தான் அப்படி எழுதினேன் போல.

அத்தானிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

சின்னவன்

ஜூன் 12

தம்பிக்கு,

விடுபட்ட பதினேழு கிளப்பும் சேர்ந்து புகார் கொடுத்திருக்கிறோம். ஜூன் 28 விசாரணை. வக்கீல் நேற்று எல்லோரையும் உட்காரவைத்துக் கேட்டார்: "கடைசித் தேதிக்கு முன்னாடியே முடிவு பண்ணிட்டாங்கன்னு ஒரு துண்டுச் சீட்டு காட்டினா போதும், மொத்தத் தேர்வையும் திரும்ப நடத்த வைக்கலாம். யார்கிட்டயாவது இருக்கா?"

யாரும் பேசவில்லை. நானும்தான்.

உன் கடிதம் என் அலமாரியில், புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. தேதி போட்டு, உன் கையாலேயே எழுதியது. நீ சொல்லாமல் அதை வெளியே எடுக்க மாட்டேன். ஆனால் நீயே வா. வந்து உன் வாயால் சொல். அக்காவாகக் கேட்கவில்லை. தையல்கார அக்காவுக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

அக்கா

ஜூன் 21

அன்புள்ள அக்கா,

பெண் குழந்தை. 17ஆம் தேதி காலை. இருவரும் நலம். மூக்கு உன்னுடையது என்கிறாள் இவள்.

நான் வந்து பேசினால் அன்றைக்கே இந்த வீட்டைக் காலி செய்ய வேண்டும். போட்ட கையெழுத்துக்கு வழக்கும் வரும். கைக்குழந்தையோடு எங்கே போவேன்? வர முடியவில்லை அக்கா. கடிதத்தைக் காட்டு என்று எழுத உட்கார்ந்தேன், கை வரவில்லை. காட்டாதே என்று எழுதவும் கை வரவில்லை. உனக்கு எது சரி என்று படுகிறதோ அதைச் செய்.

சின்னவன்

ஜூலை 1

தம்பிக்கு,

குழந்தை பிறந்த செய்தியை உன் அத்தானிடம் சொன்னேன். ரொம்ப நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

விசாரணைக்கு அவரும் லீவு போட்டு வந்திருந்தார். நீளமான மேஜை. எதிரே உன் இயக்குநர். எனக்குக் கதவைத் திறந்து பிடித்தவரே அவர்தான். விசாரித்தது ஒரு வயதான அம்மா. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் எங்கள் பக்கம் திரும்பினார்.

"முன்னாடியே முடிவாயிடுச்சுன்னு சொல்றீங்க. கையில ஏதாவது இருக்காம்மா?"

மற்ற செயலாளர்களிடம் கேட்டுவிட்டு என்னிடம் வந்தார். நம் தலைவர் பேக்கரிக்காரர் என்னைப் பார்த்தார். கைப்பை என் மடியில் இருந்தது. கடிதம் உள்ளே இருந்தது. எடுத்துப் போயிருந்தேன் தம்பி, பொய் சொல்ல மாட்டேன். காட்டத்தான் எடுத்துப் போனேன்.

"இல்லைங்க" என்றேன்.

கால் மணி நேரத்தில் புகாரைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். திரும்பும் வழியில் வேனில் பேக்கரிக்காரர், "நீங்க என்ன பண்ணுவீங்க, இருந்தா காட்டியிருக்க மாட்டீங்களா?" என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது உன் அத்தான் கேட்டார்: "பையிலதானே இருந்துச்சு?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ரெண்டு வாரம் முன்னாடி வேட்டி தேடும்போது பாத்தேன். படிச்சேன்."

"அப்ப ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா, நீ என் முகத்தைப் பாத்து முடிவு பண்ணுவே. பாவம், அதுவும் உன் தலையில எதுக்கு?" என்றவர், திங்கட்கிழமைக்குச் சட்டைகளை மடித்து வைக்கப் போய்விட்டார்.

அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு அந்த மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தபோது, நீ பிப்ரவரியிலிருந்து எப்படி இருந்திருப்பாய் என்று எனக்குப் புரிந்தது. புரிந்ததனால் மன்னித்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளாதே. நீ எனக்குத் தெரியாமல் செய்தாய். நான் எல்லோர் முகத்தையும் பார்த்துக்கொண்டே செய்தேன். உன்னை என்னவென்று திட்டுவது?

செயலாளர் பொறுப்பை எழுதிக் கொடுத்துவிட்டேன். ஏன் என்று கேட்கிறார்கள். உடம்பு சரியில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

உன் மே மாதக் கடிதம் இத்துடன் இருக்கிறது. பிரதி எடுக்கவில்லை. இனி பயப்படாமல் இரு.

குழந்தையைப் பார்க்க வருவேன். நீ அலுவலகத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்து வந்து போகிறேன். வாசலில் கையெழுத்துப் போட வேண்டும் என்றாயே, அங்கே உன் பெயரை எழுத மாட்டேன். யாரைப் பார்க்க என்று கேட்டால் அவளைப் பார்க்க என்று சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அவளுடைய அத்தை