மாமி வாசித்த கடைசிக் கதை

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், யாருக்கும் காட்டாதீர்கள். அப்பாவுக்குக் காட்டவே கூடாது.

ஜூலை 9, செவ்வாய்

விடாத மழை. பள்ளிக்கூடம் பாதியில் விட்டாயிற்று. பாவாடை முழுக்கச் சேறு.

மத்தியானம் அம்மாவுடன் மேல் மாடி காமு மாமி வீட்டுக்கு. மெட்ராஸிலிருந்து வந்த சிறுகதைத் தொகுப்பு. மாமி தினம் ஒரு கதை உரக்க வாசிப்பாள். மற்ற மாமிகள் அரிசியில் கல் பொறுக்கியபடி கேட்பார்கள். இன்று கடைசிக் கதை, ஏதோ ஒரு புனைபெயரில்.

கதையில் ஒரு வீடு: குழம்பில் உப்பு கூடிவிட்டது. புருஷன் மனைவியின் கையைப் பிடித்துக் கொதிக்கிற குழம்பிலேயே முக்குகிறான். கதவுக்கு அடியில் அவர்கள் பெண்ணின் பாதங்கள் தெரிகின்றன. அந்தப் பாதங்களுக்காக அவள் கத்தவில்லை.

அவை என் பாதங்கள். போன தீபாவளிக்கு மறுநாள். நான் அங்கே நின்றது அம்மாவுக்குத் தெரியாது என்றல்லவா நினைத்திருந்தேன்!

"கடங்காரன்! இப்படியும் ஒருத்தன் இருப்பனோ?" என்றாள் பங்கஜம் மாமி.

"எழுதினவன் பிரம்மச்சாரியா இருப்பன்டி. குழம்பைப் பத்தி அவனுக்கு என்ன தெரியும்!" என்றாள் காமு மாமி.

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா தலைப்பை இழுத்து இடது கையை மூடிக்கொண்டாள்.

மாமாவுக்குக் கடிதம் என்று அம்மா கொடுத்து, நான் மெட்ராஸுக்குத் தபாலில் போட்ட அந்தத் தடிக் கவர்! அதற்குள் இருந்தது இந்தக் கதைதானா!

ஜூலை 10, புதன்

ரேஷன் அரிசி ஒரே நாற்றம். பூகோளம் படிக்கவில்லை.

வாசித்து முடித்த புத்தகம் வீடு வீடாகப் போவது இந்தக் கட்டட வழக்கம். காமு மாமி என் கையில் திணித்தாள். "இப்போ உங்காத்து முறை. அப்பாகிட்டே குடு, ரசிச்சுப் படிப்பர்."

வேண்டாம் என்றால் ஏன் என்பாள். வாங்கி வந்தேன்.

புத்தகத்தைப் பார்த்ததும் அம்மா வாசல் கதவைச் சாத்தினாள்.

"எனக்குத் தெரியும்மா."

"உனக்கு ஒண்ணும் தெரியாது. அரிசி டின்னுக்குள்ளே போடு."

ஜூலை 11, வியாழன்

அப்பா ஆபீஸிலிருந்து வந்ததும் வராததுமாக: "ரயில்ல காமு ஆத்துக்காரர் ஒரு கதை சொன்னார். குழம்புக் கதை. புஸ்தகம் இங்கேதான் இருக்காமே?"

"இன்னும் வரலையே," என்றாள் அம்மா.

"அப்படியா? மாமியையே கேட்டுண்டு வரேன்."

மேலே போயிருக்கிறார். டின்னிலிருந்து எடுத்த புத்தகத்தோடு குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். கிழித்துவிடலாம். அம்மா எழுதியது, கை வரவில்லை. ரயிலடியில் தொலைத்துவிட்டேன் என்று சொல்லப் போகிறேன். அடி எனக்கே விழட்டும்.

படியில் செருப்புச் சத்தம்.

தட்டுகிறார். "கண்ணு, உள்ளே என்ன படிக்கறே?"

அம்மா ஓடி வருகிறாள். "அவளை விடுங்கோ. அதை எழுதினது நான்தான்."